வெள்ளம் குடித்த நாற்றுகள்

மூன்றாவது தடவையும் நாற்று சாய்ந்து விழுந்தபோது அலி அக்பர் மண்ணைத்தான் குறை சொன்னார்.

“கடப்பொறத்து மண்ணாக்கும் இது. உப்பு ஏறிக் கெடக்கும். பின்ன எப்பிடிப் பிடிக்கும்?”

அவர் மனைவி சைனப் பீவி மொட்டை மாடிச் சுவரோரம் வரிசையாக நின்ற காகிதக் கப்புகளுக்கும் தயிர் டப்பாக்களுக்கும் முன்னால் குந்தியிருந்து, விழுந்து கிடந்த ஒரு நாற்றை விரல் நுனியால் நிமிர்த்திப் பார்த்தாள். அது நிற்கவில்லை. நேற்று வரைக்கும் இரண்டு இலையை விரித்துக்கொண்டு ஜம்மென்று நின்ற வழுதலை நாற்று. இலையில் பச்சை இன்னும் மாறவில்லை. மண்ணைத் தொடுகிற இடத்தில் மட்டும் தண்டு பழுப்பாகி, நூல் போல மெலிந்து, தலையின் பாரம் தாங்காமல் மடங்கியிருந்தது.

“இதே மண்ணுலதானே எப்பவும் முளைக்கப் போடுகேன்,” என்றாள். “ஒருக்காலும் இப்பிடி வந்ததில்ல.”

அது உண்மைதான். தேங்காப்பட்டணத்தில் அவர்கள் தெருவில் சைனப் பீவியிடம் நாற்று வாங்காத வீடு கிடையாது. காந்தாரி மிளகாய், தக்காளி, எல்லாவற்றுக்கும் மேலாக அவளுடைய வழுதலை. கத்தரிக்காயை அந்தப் பக்கத்தில் வழுதலங்காய் என்றுதான் சொல்வார்கள். அவளுடையது வெளிர் பச்சையில் வெள்ளைக்கோடு விழுந்து நீளமாகத் தொங்கும். முள் கிடையாது, கசப்பும் கிடையாது. வருஷா வருஷம் ஒரு காயைப் பறிக்காமல் பழுக்கவிட்டு, வித்து எடுத்து, காயவைத்துப் பத்திரப்படுத்துவாள்.

இந்தத் தடவை நாற்று மகளுக்கு. ரிஸ்மாவும் மருமகன் சபீரும் கருங்கல் என்ற ஊரில் புதுவீடு கட்டிப் பால் காய்ச்சியிருந்தார்கள். அடுக்களைக்குப் பின்னால் கொஞ்சம் நல்ல செம்மண் நிலம் உண்டு. “உம்மாக்க வழுதலை நிக்காம அது என்ன வீடு?” என்று கேட்டுவிட்டுப் போயிருந்தாள் ரிஸ்மா. மழை தொடங்குகிற சமயத்துக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று சைனப் பீவிக்கு ஒரே நினைப்பு.

அலி அக்பர் மறுநாளே கருங்கலுக்குப் போய்ச் செம்மண்ணும் தென்னைநார்த் தூளும் வாங்கி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். புது மண், புது கப்பு. “இனி பாரு,” என்றார். வித்து முளைத்தது. மடித்து வைத்த வெள்ளை நூல் போலத் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்து, மெல்ல நிமிர்ந்து, இலை விரித்தது. பிறகு மேல்மண்ணில் பச்சைப் பாசி படர்ந்தது. கப்பைத் தட்டினால் பொடிப்பொடியாகக் கறுத்த ஈக்கள் பறந்தன. நாற்று ஒவ்வொன்றாகப் படுக்க ஆரம்பித்தது.

அலி அக்பர் மஸ்கட்டிலிருந்து ஒரேயடியாக ஊருக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. கல்யாணம் முடிந்த கையோடு போனவர், ஒரு கம்பெனி ஸ்டோரில் சாமான் எடுத்துக் கொடுத்தே தலை நரைத்துத் திரும்பினார். இடையில் லீவுக்கு வந்த நாட்களையெல்லாம் சேர்த்தாலும் அவளோடு ஒரு கூரையின் கீழ் வாழ்ந்தது கொஞ்சம்தான் தேறும். போனில் அவள் மாடியில் எது பூத்தது, எதில் பூச்சி விழுந்தது என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். அவர் குப்பூஸ் ரொட்டியைப் பிய்த்துத் தின்றபடி ‘ம், ம்’ என்பார். இப்போது அருகில் இருந்து பார்க்கும்போது, அவள் எதற்குச் சிரிப்பாள், எதற்கு முகம் கோணுவாள் என்பதையே புதிதாகத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அதில் அவருக்கு ஒரு சுகம். இந்த வயதில் புது மாப்பிள்ளை ஆனதுபோல.

ஒரு நாள் காலையில் அவர் மாடியில் துணி காயப்போடும் கொடியை அவிழ்த்து இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். சைனப் பீவி வந்தாள். மக்கில் வெள்ளம் பிடித்து ஒவ்வொரு கப்புக்கும் நிதானமாக ஊற்றினாள். கடைசிக் கப்பு வரை ஊற்றிவிட்டு, “சாயா போடட்டா?” என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனாள். தண்ணீரை அந்த ஊரில் எல்லாரையும் போல அவர்களும் வெள்ளம் என்றுதான் சொல்வார்கள்.

அவர் கொடியைக் கட்டி முடித்துக் கீழே போனார். சாயாவை நீட்டிய சைனப் பீவி, தலையில் போர்த்திய தட்டத்தைச் சரிசெய்துகொண்டே சொன்னாள்: “செடிக்கு இன்னும் வெள்ளம் ஊத்தல்ல. வெயில் ஏறதுக்கு முன்ன ஊத்திட்டு வந்துருகேன்.”

கேலி செய்கிறாள் என்று நினைத்துச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. படியேறிப் போய்விட்டாள். மேலே குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. அவர் சாயாவைக் கையில் வைத்தபடியே நின்றார்.

சாளை மீனை அறுத்துக் கழுவி அடுப்பில் ஏற்றிய பிறகு அவள் இன்னொரு தடவை போனாள். அப்போதும் நடையில் அதே நிதானம், முகத்தில் அதே அக்கறை. அந்த நாளில் அதுதான் முதல் தடவை என்கிற மாதிரி.

பார்த்தும் பாராமல் விட்டதெல்லாம் அன்றைக்கு அவருக்கு ஒவ்வொன்றாக நினைவு வந்தது. குழம்பில் இரண்டு தடவை உப்பு விழுந்தது. ரிஸ்மா போன் பண்ணி வைத்த சற்று நேரத்திலேயே “பிள்ள விளிக்கவே இல்லியே” என்று அவள் வருத்தப்பட்டது. அஸர் தொழுகையின் நடுவே தயங்கித் தயங்கி நின்றுவிட்டு, ஸலாம் கொடுத்து முடித்த பிறகு அவர் பக்கம் திரும்பி, “நான் முழுசும் தொழுதேனா?” என்று சின்னப் பிள்ளை போலக் கேட்டது. வயசாகிறதல்லவா என்று நினைத்திருந்தார்.

அவளிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. சொல்லாமலே சரிசெய்துவிடலாம் என்று பட்டது. கம்பியைப் பழுக்கக் காய்ச்சி எல்லாக் கப்புகளின் அடியிலும் துளை போட்டார். வெள்ளம் ஒழுகிப் போனது. ஆனால் வடிவதற்குள் அவள் அடுத்த தடவை ஊற்றினாள். மக்கைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்தார். அவள் தொழுகைக்குமுன் கைகால் கழுவி ஒளு செய்கிற கிண்டியைக் கொண்டுவந்து ஊற்றினாள். மாடிக் குழாயின் வால்வை அடைத்தார். அவள் கீழேயிருந்து வாளியில் வெள்ளம் சுமந்து ஏறினாள். நடுப்படியில் மூச்சு வாங்கிக்கொண்டு சுவரைப் பிடித்து நின்றவளைப் பார்த்ததும் அவருக்குப் பொறுக்கவில்லை. வாளியை வாங்கிக்கொண்டு போய், வால்வையும் திறந்துவிட்டார்.

சைனப் பீவி மகள் வீட்டுக்குப் போய் ஒரு நாள் தங்கிய சமயத்தில் மிச்சமிருந்த நாற்றும் செத்தது. அலி அக்பர் பஸ் ஏறி, பேச்சிப்பாறை போகிற வழியில் ஒரு நர்சரிக்குப் போனார். வழுதலை நாற்று ஒரு தட்டு வாங்கிவந்து, செத்ததையெல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு, ஒவ்வொன்றாகக் கப்புகளில் நட்டார். சந்தேகம் வரக்கூடாதென்று மேல்மண்ணை விரலால் நிரவிவிட்டார். வாழ்க்கையில் எந்தக் களவும் செய்யாத மனுஷன், அன்றைக்குக் களவு செய்தவனைப் போல வியர்த்துக் கொட்டக் கீழே இறங்கினார்.

திரும்பி வந்தவள் பர்தாவைக்கூடக் கழற்றவில்லை, நேராக மாடிக்குத்தான் போனாள். அலி அக்பர் பின்னாலேயே போய்க் கதவோரம் நின்றார். வரிசையைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. பக்கத்தில் குந்தியிருந்தாள். ஒரு இலையைத் தொட்டாள். திருப்பிப் பார்த்தாள். அடுத்ததைத் திருப்பினாள்.

“இஞ்ச வாருங்க,” என்றாள். “இது யாருக்க வீட்டுப் பிள்ள?”

“என்னட்டி கேக்க?”

“தண்டு ஊதாவாட்டு இருக்கு. இலைக்க நடு நரம்புல முள்ளு இருக்கு. எனக்க வழுதலைக்கு முள்ளு கெடையாது.” அவள் குரல் உயரவில்லை. “நான் போட்டது எங்க?”

அவர் பொய் சொல்லத்தான் நினைத்தார். அவளுடைய கண்ணைப் பார்த்தபோது வரவில்லை.

“செத்துப் போச்சு சைனபு.”

“எப்பிடி?”

“வெள்ளம் கூடிப் போச்சு.”

“நான் காலத்த ஒரு நேரம்தானே ஊத்துகேன்?”

அவர் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதுவே அவளுக்குப் போதுமாயிருந்தது. வேறு யாருடைய குரலோ போலக் கேட்டாள்: “ஒரு நாளைக்கு எத்தர நேரம் ஊத்துகேன்?”

“சில நாளு மூணு. சில நாளு அதுக்கும் மேல.”

“நீங்க எப்பம் பாத்திய?”

“ஒரு மாசம் இருக்கும்.”

“ஒரு மாசமா...” அவள் ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்ப்பது தெரிந்தது. “மக்கக் காணாமப் போட்டதும் நீங்கதானா? குழாயில வெள்ளம் வராமப் போனதும்? நான் வீட்டுல ஜின்னு ஏதோ நொழஞ்சுட்டுண்ணு ஓதிட்டுல்லா நடந்தேன்!” சொல்லும்போது சிரிப்புத்தான் வந்தது அவளுக்கு. அது பாதியிலேயே உடைந்தது. “மஸ்கட்டுல காய்ச்சலுண்ணு ஆசுபத்திரியில கெடந்தத எனக்குச் சொல்லாம மறைச்சிய. அது ஒங்க ஒடம்பு, செரி. இப்பம் எனக்க சொகக்கேட்ட எனக்கே மறைக்கியளா?”

அலி அக்பர் அவளுக்குப் பக்கத்தில் சுடுகிற தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். “பயந்து போனேன்ட்டி,” என்றார். 

“எனக்குப் பயம் இருக்காதா? அடுக்களையில நிண்ணுட்டு எதுக்கு வந்தேன்ணு தெரியாம முழிக்கும்போது நெஞ்சு படபடண்ணு வரும். ஒங்ககிட்ட சொன்னா நீங்க வெசனப்படுவியளேண்ணு நானும் சொல்லல்ல.”

ஆக, இரண்டு பேரும் ஒரே விஷயத்தை ஒருத்தருக்கொருத்தர் ஒளித்துக்கொண்டு ஒரே வீட்டில் நடமாடியிருக்கிறார்கள். அவர் அவளுடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். விரலிடுக்கில் ஈரமண் ஒட்டியிருந்தது.

நாகர்கோவிலில் பார்த்த டாக்டர் சின்ன வயசுப் பெண். அலி அக்பரிடம் பேசாமல் சைனப் பீவியின் முகத்தைப் பார்த்தே எல்லாவற்றையும் கேட்டார், சொன்னார். ஸ்கேன் எடுத்தார்கள். மறதி நோய் தொடங்கியிருக்கிறது, முழுக்க நிறுத்த முடியாது, ஆனால் மெதுவாகப் போகும்படி பார்த்துக்கொள்ளலாம் என்றார். மாத்திரை எழுதிக் கொடுத்தார். கடைசியில் அலி அக்பரிடம் திரும்பி, “அவங்க செய்யிற வேலைய அவங்களே செய்யட்டும். கையில இருந்து பிடுங்கிராதீங்க,” என்றார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் சைனப் பீவி ஜன்னலோரம் இருந்தாள். இரணியல் தாண்டுவதற்குள், இனி ஒருத்தருக்கொருத்தர் எதையும் மறைப்பதில்லை என்று இருவரும் பேசி முடிவு செய்தார்கள். பிறகு, “பிடுங்கிராதீங்கண்ணு சொன்னாவ, கேட்டியளா?” என்றாள்.

அவர் தலையாட்டினார். தலையாட்டினாரே தவிர, செய்தது அதற்கு நேர் எதிர். நர்சரி நாற்றைப் பிடுங்கிவிட்டு, மிச்சமிருந்த வித்தையெல்லாம் அவள் கப்புகளிலும், மீன் வருகிற தெர்மோகோல் பெட்டி ஒன்றிலும் விதைத்து முடித்ததும், “இனி வெள்ளம் ஊத்தது எனக்க பொறுப்பு. நீ கூட இருந்து பாத்தா போரும்,” என்றார்.  மாத்திரை டப்பாவும் அவர் கையில், அடுப்பை அணைப்பதும் அவர் கையில், இப்போது இதுவும். அவள் கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்து அவர் ஊற்றுவதைப் பார்த்தாள். சில நாட்கள் போனதும் மாடிக்கு வருவதே குறைந்தது. கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். கேட்டால், “சும்மாதான்,” என்பாள்.

அலி அக்பருக்கு அந்த நாற்றுகளின் மேல் உயிரே இருந்தது. இவ்வளவு நடந்த பிறகு இதுவாவது பிழைத்தால் அவள் எழுந்து உட்காருவாள் என்று தோன்றியது. காலையில் கப்பு நிறைய ஊற்றினார். மத்தியான வெயிலில் இலை கொஞ்சம் துவண்டு தெரிந்தால் மனம் பதறி ஓடிப்போய்த் தெளித்தார். கடல்காற்று மண்ணை உணக்கிவிடுமே என்று சாயங்காலமும் ஒரு தடவை. மறதியே இல்லாமல், நேரம் தவறாமல்.

ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தால் பெட்டி முழுக்கச் சாய்ந்து கிடந்தது. கப்புகளிலும் அதே கதி. பாசி, கறுத்த ஈ, நூலாய்ப் போன தண்டு, ஒன்றும் மாறவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு கீழே வந்தார். கனத்தில் கை இறங்கியது. அடியிலிருந்து வெள்ளம் சொட்டித் தரையெல்லாம் கோடு விழுந்தது. கட்டிலுக்கு முன்னால் வந்து, வகுப்பில் பரீட்சை பெயிலான பையனைப் போல நின்றார்.

சைனப் பீவி எழுந்து உட்கார்ந்தாள். பெட்டிக்குள் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

“இது யாரு வெள்ளம் ஊத்தினது?”

“நான்தான்.”

“நான் தொடவே இல்லியே?”

“இல்ல.”

அவள் வாயைத் தட்டத்தால் பொத்திக்கொண்டாள். முதலில் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து அவர் பெட்டியைக் கீழே வைக்கப் போனார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் வரச் சிரித்தாள். “எனக்கு மறதி,” என்றாள், மூச்சு வாங்கியபடி. “ஒங்களுக்கு என்ன கேடு, ரிஸ்மாக்க வாப்பா?”

அவருக்கு வெட்கமாகவும் இருந்தது, அந்தச் சிரிப்பை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் போலவும் இருந்தது. எத்தனை நாள் ஆயிற்று!

“வாருங்க மேல,” என்று அவளே எழுந்து முன்னால் நடந்தாள்.

தொட்டியின் பின்பக்க நிழலில், எப்போதாவது சொட்டும் கசிவோரம், அவர் கண்ணில் படாமல் தப்பிய ஒரு கப்பு கிடந்தது. அதில் மூன்று நாற்று கருகருவென்று நின்றது, மூன்றாவது இலைகூட விட்டிருந்தது. சைனப் பீவி அதை எடுத்து அவருடைய ஒரு கையில் கொடுத்தாள். செத்த கப்பு ஒன்றை மற்றக் கையில் கொடுத்தாள்.

“எது கனம்?”

“இதுதான். செத்தது.”

“நொழைச்சுப் பாருங்க விரல. ஒரு கணு ஆழத்துக்கு.”

செத்த கப்பில் விரல் சேற்றில் இறங்குவதுபோல இறங்கியது, எடுத்தால் மண் அப்பிக்கொண்டு வந்தது. மற்றதில் மேல்மண் உதிர்ந்தது, உள்ளே மட்டும் குளுமை தெரிந்தது.

“விரலுல மண்ணு ஒட்டிச்சுண்ணா அதுக்கு ஒண்ணும் வேண்டாம். வேருக்குக் காத்து வேணுமாக்கும். எந்நேரமும் வெள்ளத்துல நிண்ணா அது மூச்சு முட்டிப் போவும். கொஞ்சம் உணங்கட்டும், தாகிக்கட்டும். அப்பம்தான் வேரு கீழ எறங்கித் தேடும். நட்டுச்சை வெயிலுக்கு இலை வாடினா பயப்படாண்டாம், சாயங்காலம் தானே நிமிந்துக்கும்.”

“இதெல்லாம் தெரிஞ்சுட்டா நீ...” என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார்.

“தெரிஞ்சுட்டுதான்,” என்றாள் அவள். அவர் கையிலிருந்த கப்பை வாங்கிப் பார்த்தபடி யோசித்தாள். “முன்னெல்லாம் தூக்கிப் பாக்காம ஊத்த மாட்டேன். பின்ன பின்ன, மறந்துருவேனோண்ணு ஒரு பயம். ஓர்மை வரும்போதெல்லாம் ஓடி வந்து ஊத்தினேன். இப்பம் ஊத்தாம விட்டா பெறவு விட்டுப் போவுமேண்ணு.” கப்பை மெல்ல ஏற்றி இறக்கிப் பார்த்தவள் சட்டென்று நிமிர்ந்தாள். “நான் ஊத்தினேனா இல்லியாண்ணு எனக்கு ஓர்மை இருந்தா என்ன, இல்லேண்ணா என்ன? கப்பத் தூக்கினா அது சொல்லுமே! கனமா இருந்தா வெச்சிட்டுப் போவேன். லேசா இருந்தா ஊத்துவேன். பத்து நேரம் வந்தாலும் கேடு இல்லியே?”

அலி அக்பர் அவளையே பார்த்தார். இத்தனை நாள் அவர் மக்கை ஒளித்ததும் வால்வை அடைத்ததும் எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று இப்போது விளங்கியது.

“தூக்கிப் பாக்கணும்ங்கதையும் மறந்துட்டா?” என்று மெதுவாகக் கேட்டார். இனி எதையும் மறைத்துப் பேசுவதில்லை என்று இருவரும் பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தார்கள்.

“அதுக்கு நீங்க ஒரு வழி சொல்லுங்க. ஸ்டோருல இருந்த ஆளுல்லா?”

அவர் ஒரு வழி செய்தார். ஒரு கப்பில் உணங்கிய மண்ணை நிறைத்து, குழாயடியில் மக்கைக் கவிழ்த்து வைத்து, அதன் மேல் அந்தக் கப்பை உட்கார வைத்தார். மக்கை எடுக்க வேண்டுமென்றால் அந்தக் கப்பை முதலில் கையில் தூக்கியாக வேண்டும். தூக்கின உடனே, உணங்கிய கப்பு எவ்வளவு லேசு என்று கைக்குத் தெரிந்துவிடும். அடுத்து நாற்றுக் கப்பைத் தூக்கிப் பார்க்கக் கை தானாகப் போகும். முதல் சில நாள் அவர் தொட்டிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தார். கை போனது. தலை விட்டதையெல்லாம் கை விடவில்லை.

வித்து தீர்ந்துபோயிருந்தது. பக்கத்து வீட்டு தேவகனி சங்கதியைக் கேட்டுவிட்டுத் தன் பின்முற்றத்துக்குப் போய், மஞ்சளாகப் பழுத்துத் தொங்கிய ஒரு வழுதலங்காயைப் பறித்துக்கொண்டு வந்தாள். “நீங்க தந்த செடிதானே சைனபக்கா. பறிக்க மறந்து பழுத்துப் போச்சு,” என்றாள். சைனப் பீவி அதைப் பிளந்து வித்தை அலசிக்கொண்டே, “மறதி எனக்கு மட்டும் இல்ல, பாத்தியளா?” என்று கணவரிடம் கண்ணைக் காட்டினாள்.

அந்த வித்து முளைத்து இலை விட்டது. சைனப் பீவி ஒரு நாளில் எத்தனை தடவை மாடிக்கு வந்தாள் என்று அலி அக்பர் எண்ணுவதை விட்டுவிட்டார். வருவாள், தூக்குவாள், வைப்பாள், போவாள். சில நாட்கள் ஒரு சொட்டுகூட ஊற்ற வேண்டியிருக்காது. வெயிலில் இலை தொங்கும்போது கை பரபரப்பது அவருக்குத்தான். “கைய மடக்கிட்டு இருங்க,” என்று அவள் அதட்டுவாள். அவர் மடக்கிக்கொண்டு இருப்பார். சாயங்காலம் நாற்று நிமிர்ந்து நிற்பதைப் பார்க்கும்போது ஆச்சரியமாக இருக்கும்.

எல்லா நாளும் ஒரே போல இருக்கவில்லை. ஒரு நாள் அவரைத் தன் அண்ணன் மூத்த காக்காவின் பெயர் சொல்லி விளித்தாள். அடுப்பில் பால் கருகியது. இன்னொரு நாள், வெயில் தாழ்ந்த நேரம், கப்புகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தவள் திரும்பி, ரொம்பச் சாதாரணமாகக் கேட்டாள்:

“எப்பம் திரும்பிப் போவணும்?”

“எங்க?”

“மஸ்கட்டுக்கு. லீவு முடியப் போவுதுல்லா?”

அலி அக்பருக்கு அவளிடம் எதையும் மறைப்பதில்லை என்ற முடிவு ஞாபகம் வந்தது. “நான் முழுசுமா வந்தாச்சு சைனபு. இனி போவல்ல,” என்றார்.

அவள் கையிலிருந்த கப்பு அந்தரத்தில் நின்றது. “நேராட்டா? சத்தியமாட்டா?”

“நேராட்டுதான்.”

“அல்லா!” என்றாள். அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தை அவர் முன்பு ஒரு தடவைதான் பார்த்திருந்தார், போன வருஷம் விமான நிலையத்தில். அதே செய்தி, அதே சந்தோஷம். அவளுக்கு அது இன்றைக்குத்தான் கிடைத்திருக்கிறது. அவர் தொட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் துடைக்காமலே சிரித்தார்.

மழை தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்னால் ரிஸ்மாவும் சபீரும் காரில் வந்தார்கள். நாற்று ஒரு சாண் உயரத்துக்கு, தண்டு தடித்து நின்றது. சைனப் பீவியும் அலி அக்பரும் கூடவே கருங்கலுக்குப் போனார்கள். வெயில் தாழ்ந்த பிறகு அவளே குழி பறித்து, கப்பைக் கவிழ்த்து, வேர் உடையாமல் மண்கட்டியோடு எடுத்து நட்டாள். ரிஸ்மா பக்கத்தில் குந்தியிருந்து மண்ணை அணைத்துக் கொடுத்தாள். உம்மா ஒரே கேள்வியை மறுபடியும் கேட்டபோதெல்லாம் அவள் முதல் தடவை கேட்டதுபோலவே பதில் சொன்னாள். சபீர் தென்னை ஓலை வெட்டி வந்து நிழலுக்கு ஊன்றினான்.

ஊருக்குத் திரும்பிய மறுநாளே வானம் இருண்டு மழை பிடித்தது. சாயங்காலம் வரைக்கும் விடவில்லை. ரிஸ்மா பதறிப்போய் போன் பண்ணினாள்.

“உம்மா, தொறந்துவிட்ட மாதிரி பெய்யுது. செடிக்குச் சுத்தும் வெள்ளமாட்டு நிக்கு. ஓலைய எடுத்துக் குடை பிடிக்கட்டா? அழுவிப் போவுமா?”

“அதெல்லாம் வேண்டாம் மோளே,” என்றாள் சைனப் பீவி. குரலில் எந்தத் தடுமாற்றமும் இல்லை. “கப்புலதான் வெள்ளத்துக்குப் போவ வழி கெடையாது. நெலத்துல அது பாட்டுக்கு எறங்கிப் போவும். மண்வெட்டிய எடுத்து ஓரமா ஒரு சாலு கீறிவிடு. பின்ன உள்ள போயி சாயா குடிச்சிட்டு இரு. அது வளரும்.”

போனை அவரிடம் நீட்டினாள். மழையைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றாள்.

“யாராக்கும் விளிச்சது?”

“ரிஸ்மா.”

“என்னவாம்?”

“செடி நட்டிருக்கால்லா, மழையில என்ன செய்யணும்ணு கேட்டா. நீ சொல்லிக் குடுத்த.”

“நான் செரியாட்டுதான் சொன்னேனா?”

“செரியாட்டுதான் சொன்ன.”

அவள் திருப்தியாகத் தலையாட்டினாள். பிறகு மாடிக் கதவைப் பார்த்தாள். தெருவுக்குக் கொடுக்க வைத்திருந்த காந்தாரி நாற்றுகள் மேலே நனைந்துகொண்டிருந்தன. இரண்டு பேரும் ஏறிப் போனார்கள். சாரல் முகத்தில் அடித்தது. அவள் கப்புகளை எடுத்துக் கொடுக்க, அவர் வாங்கி வாங்கிப் படிக்கட்டுக் கூரைக்குள் அடுக்கினார்.

“நீங்க நனையாண்டாம், உள்ள நில்லுங்க,” என்றாள். அவள்தான் நனைந்துகொண்டிருந்தாள்.